அப்பா வண்டியைத் தூக்கினாரா?

செங்கல்பட்டு,
ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்.

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நான், உன் அப்பா, புல்லட் மூவரும் இங்கே சௌக்கியம். மூவரையும் நீ விசாரித்திருந்தாய். மூன்றாவது ஆளை விசாரித்த தோரணையில் மட்டும், அது சீக்கிரம் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனால் தேவலை என்ற எண்ணம் நன்றாகவே தெரிந்தது. பம்பாய்த் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறவன், சுவருக்குச் சுவர் ‘கவனம்’ என்று போர்டு மாட்டிப் பழகியவன், அப்பா முதுகிலும் ஒன்றை மாட்டலாமா என்று பார்க்கிறாய். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. பெற்றவரைப் பற்றிக் கவலைப்படாத பிள்ளையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்.

நீ போட்ட நிபந்தனையை ஒரு தடவை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பிறகு அம்மா மாற்றிப் படித்துவிட்டாள் என்று நீ சொல்லக்கூடாது. உங்கள் தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு வருஷா வருஷம் பரீட்சை வைப்பார்களாம், தேறாதவரைக் கீழே இறக்கிவிடுவார்களாம். அதே மாதிரி அப்பாவும் புல்லட்டைத் தரையில் படுக்க வைத்து, யார் கையும் படாமல், தனி ஆளாகத் தூக்கி நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டால் எத்தனை வயசு வரைக்கும் ஓட்டினாலும் நீ வாயைத் திறக்க மாட்டாய். முடியாவிட்டால் வைகாசியில் உன் கல்யாணத்துக்கு முன்னால் வண்டியை விற்றுவிட வேண்டும். சாட்சி நான். பிள்ளைகளுக்கு மார்க் போட்டே தலை நரைத்தவள், எடுக்காத மார்க்கை எடுத்ததாக எழுத மாட்டாள் என்று என்னைப் புகழ்ந்து வேறு வைத்திருந்தாய். பரீட்சை இன்று காலையில் முடிந்துவிட்டது. முடிவை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நீ பம்பாயில் இருந்துகொண்டு பாதிக் கதையை வைத்தே கேள்வித்தாள் தயாரித்திருக்கிறாய். அதனால் மீதிப் பாதியையும் படித்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்காதே. நீ அப்படிப்பட்டவன்தான், எனக்குத் தெரியும்.

நீ வேலைக்குப் போன வருஷம்தான் அப்பா ரிடையர் ஆனார். தாலுகா ஆபீஸில் ரோஜா மாலை போட்டு, மிக்சரும் காப்பியும் கொடுத்து, ஒரு கைத்தடியையும் பரிசாகக் கையில் திணித்து அனுப்பினார்கள். ஐம்பத்தைந்து வயசு ஆளுக்குக் கைத்தடி வாங்கலாம் என்று யோசனை சொன்ன புண்ணியவான் யாரென்று இன்றுவரை தெரியவில்லை. அந்தத் தடி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்பா அதற்கு ஏற்ற மாதிரி நடக்க ஆரம்பித்துவிட்டார். காலையில் ஈஸிசேரில் உட்கார்ந்தால் பேப்பரும் அவரும் ஒன்றாகத் தூங்குவார்கள். எதைச் சொன்னாலும் “நான் போனப்புறம்” என்றுதான் தொடங்குவார். நான் போனப்புறம் பென்ஷன் காகிதமெல்லாம் இந்தப் பெட்டியில் இருக்கும், நான் போனப்புறம் இந்த ஜன்னல் கொக்கியை மாற்றிவிடு. கொக்கியை இப்போதே மாற்றினால் என்ன என்று கேட்டால் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். ஊருக்குப் போகிற பஸ்ஸுக்கு முன்கூட்டியே வந்து மூட்டையோடு உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி ஆகிவிட்டார். உனக்கு எழுதிய கடிதங்களில் இதையெல்லாம் நான் சொல்லவில்லை, சொல்லி நீ என்ன செய்ய முடியும்.

அப்படி இருந்தவரைத்தான் எங்கள் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகளை எண்ணிப் பார்த்து பஸ்ஸில் ஏற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. கடற்கரைக் கோயில் பக்கம் டீக்கடையில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் அங்கே வெள்ளைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லாம் ஜடை வளர்த்த சிறுசுகள். இவர் நல்ல வயசானவர். வெள்ளைத் தாடி, வழுக்கைத் தலை, முட்டி வரைக்கும் பூட்ஸ். பக்கத்தில் எருமை போல ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு பக்கமும் தகரப் பெட்டி, பின்னால் சுருட்டிக் கட்டிய கூடாரத் துணி. ஜெர்மனியிலிருந்து ரோட்டிலேயே வந்தாராம். அப்பா தன் தாலுகா ஆபீஸ் இங்கிலீஷில் முதலில் கேட்டது வயசுதான். அறுபது தாண்டிவிட்டது என்றார் அவர். இரண்டாவதாக, வீட்டில் ஒன்றும் சொல்லவில்லையா என்று அப்பா கேட்டார். வீட்டில் இருந்தபோதுதான் நிறையச் சொன்னார்கள் என்று அந்த மனிதர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவோ நாள் ஆகியிருந்தது. எண்ண வேண்டிய பிள்ளைகளை அன்று அவர் எண்ணவே இல்லை. பஸ் கிளம்பும்போது குறைந்த இரண்டு பேரை அந்த மோட்டார் சைக்கிள் மேலிருந்துதான் நான் இறக்கிக்கொண்டு வந்தேன்.

அதற்கப்புறம் வீட்டில் ‘நான் போனப்புறம்’ குறைந்து, ‘நான் போயிட்டு வந்தப்புறம்’ என்ற பேச்சு ஆரம்பித்தது. எங்கே போகிறார் என்று பார்த்தால் கல்பாக்கத்துக்கு. அங்கே கட்டுமான வேலைக்கு வந்திருந்த ஓர் என்ஜினீயர், மாற்றலாகி வடக்கே போகிறவர், தன் புல்லட்டை விற்கப் போவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிறகு ஒரு நாள் சாயங்காலம் நம் தெருவே அதிர வண்டி வந்து வாசலில் நின்றது. அதை ஓட்டி வந்தவர் அந்த என்ஜினீயர், பின்னால் உட்கார்ந்து வந்தவர் உன் அப்பா. ஓட்டத் தெரியாத வண்டியை வாங்கிய ஒரே மனுஷர் இந்த ஜில்லாவில் இவராகத்தான் இருப்பார். நான் அன்று ராத்திரி அவருடன் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை, வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஓட்டக் கற்றுக்கொண்ட கதையை நீ லீவில் வந்தபோது அவர் வாயால் கேட்டிருக்கிறாய், அதில் பாதி பொய். ஏரிக்கரை ரோட்டில் ஒரே வாரத்தில் கற்றதாகச் சொன்னாரே, அந்த ஒரு வாரமும் வண்டியை ஸ்டார்ட் செய்யக் கற்றுக்கொள்வதற்கே சரியாகப் போய்விட்டது. புல்லட்டை மனம் போனபடி உதைக்க முடியாதாம். இடது கையால் ஒரு சின்ன லீவரைப் பிடித்து, விளக்குக்கு மேலே இருக்கிற முள் நடுவில் வந்து நிற்கிற வரைக்கும் மெதுவாக மிதித்து, லீவரை விட்டுவிட்டுப் பிறகுதான் ஒரே உதை உதைக்க வேண்டும். அவசரப்பட்டால் அது திருப்பி உதைக்கும். அப்படி ஒரு நாள் வாங்கிக் கட்டிக்கொண்டு வந்து, பாத்ரூமில் வழுக்கியதாகத் தெருவெல்லாம் சொல்லி நொண்டிக்கொண்டிருந்தார். அப்போதாவது அந்தக் கைத்தடி உதவும் என்று எடுத்துக் கொடுத்தேன். வாங்க மறுத்துவிட்டார்.

நான் அதில் ஏறவே மாட்டேன் என்று பல மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சதுரங்கப்பட்டினத்தில் இறால் நன்றாக விழுகிறது என்று கேள்விப்பட்டு, பஸ்ஸும் வராமல் போனதால், போய்த் தொலைகிறேன் என்று ஏறி உட்கார்ந்தேன். திருக்கழுக்குன்றம் வருகிற வரைக்கும் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது இரண்டு பக்கமும் பச்சை வயல், மேலே மலை, முகத்தில் காற்று. யாரும் என்னிடம் சிலேட்டை நீட்டவில்லை, அடுப்பில் எதுவும் பொங்கவில்லை, பேசினாலும் காதில் விழாது என்பதால் பேச வேண்டிய கட்டாயமும் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நானும் அவரும் இவ்வளவு நேரம் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது அன்றைக்குத்தான். திரும்பி வரும்போது இறால் பையை வலது பக்கம் தொங்கவிட்டோம். அந்தப் பக்கம்தான் சைலன்சர் இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும். வழியெல்லாம் வறுவல் வாசனை, பின்னாலேயே நாய்கள் துரத்தல். யாரோ நல்லா சமைக்கறாங்க என்று அப்பா சந்தோஷமாகத் திரும்பிக் கத்திச் சொன்னார். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி இறாலைக் குழம்பில் போட வேண்டிய அவசியமே இல்லை.

வயசான காலத்தில் அவ்வளவு பெரிய வண்டி எதற்கு, சின்னதாக ஒரு மொபெட் போதாதா என்று நீ எழுதியிருந்தாய். இதை நானும் கேட்டவள்தான். ஏறி உட்கார்ந்து பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பெரிய வண்டி வேகத்துக்கு இல்லை தம்பி. அது நிதானமாகத்தான் போகும். ஒவ்வொரு துடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுகிற மாதிரி, யாரும் துரத்தாத மாதிரி போகும். இளவட்டங்களுக்கு அந்த நிதானம் பிடிப்பதில்லை, அவர்களுக்குப் போய்ச் சேர வேண்டும். உன் அப்பாவுக்குப் போய்ச் சேர்கிற அவசரம் எதுவும் இல்லை, அவருக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. ரிடையர் ஆனவரைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் சர்க்கரை இருக்கிறதா, மூட்டு வலி எப்படி என்று உடம்பைத்தான் விசாரிக்கிறார்கள். வண்டியில் போய் டீக்கடையில் நின்றால் ஓர் ஆளாவது கிட்டே வந்து, “இன்னா அண்ணாத்த, லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது” என்று கேட்பான். அப்பா முகத்தை அப்போது பார்க்க வேண்டும். பத்து நிமிஷம் விளக்கம் சொல்லிவிட்டுத்தான் டீயைக் கையில் எடுப்பார்.

பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள் என்பதும் உன் கவலைகளில் ஒன்று. ஊரப்பாக்கத்துக்குப் பெண் பார்க்க நாங்கள் எதில் போனோம் என்று நினைக்கிறாய். நான் ரயிலில் போகலாம் என்றுதான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. சத்தம் கேட்டு அந்த வீட்டில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள், பெண்ணும் வந்துவிட்டாள், அதனால் தட்டும் காப்பியுமாக வந்து நிற்கிற சடங்கு ஒன்று மிச்சம். உள்ளே சமையலறையில் என்னைத் தனியாகப் பிடித்து, பின்னால் உட்கார்ந்து வரப் பயமாக இருக்காதா என்று கேட்டாள். இருக்கும் என்றேன். “பின்ன ஏன் அத்தே வரீங்க” என்றாள். உன் போட்டோவைப் பார்ப்பதற்கு முன்னாலேயே அவள் என்னை அத்தை என்று கூப்பிட்டுவிட்டாள், இதை நீ தெரிந்துகொள். அவள் கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லவில்லை, பால் பொங்கிவிட்டது.

இனி, உன்னை இப்படி நிபந்தனை போட வைத்த, நாங்கள் வண்டியோடு விழுந்த கதைக்கு வருகிறேன். கருங்குழியில் உன் சித்தப்பா கட்டிய புது வீட்டின் கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். ஜி.எஸ்.டி. ரோடு என்கிற திருச்சி மெயின் ரோட்டை விட்டு ஊருக்குள் திரும்பினால் ரோடெல்லாம் கேழ்வரகுக் கதிர் பரப்பி வைத்திருந்தார்கள். அறுவடையானால் அந்தப் பக்கத்தில் ரோடுதான் களம், போகிற வருகிற வண்டிகள் மிதித்துத் தானியத்தைப் பிரித்துக் கொடுக்கும் என்பது உனக்கும் தெரியும். அப்பா ஓரமாக ஒதுங்கி மெதுவாகத்தான் போனார். அங்கே நின்ற ஒருவர் கையை ஆட்டி, “ஓரமா போவாத அண்ணாத்த, நடுவால வா. நல்ல கனமான வண்டியா கீது, சூப்பரா மிதிக்குது” என்றார். அவ்வளவுதான். உன் அப்பா நடுவால் போனார். கதிரைத் தாண்டிய பிறகு, ஒரு மரியாதைக்கு இன்னொரு தடவை மிதித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று என்னைக் கேட்காமலே வண்டியைத் திருப்பினார். கேழ்வரகு கடுகைப் போல உருளும். திருப்பின இடத்திலேயே வண்டி சாய்ந்தது. நான் கதிர் மேல் உட்கார்ந்தேன், மெத்தை மாதிரி இருந்தது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. களத்தில் இருந்தவர்கள் மூன்று பேர் ஓடிவந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். அதைத்தான் உன் சித்தப்பா, பெரிய விபத்து நடந்த மாதிரி உனக்கு எழுதிவிட்டார். விழுந்ததற்குக் காரணம் வயசு இல்லை, யாரோ வண்டியைப் புகழ்ந்தது. அந்தக் குணம் இருபது வயசிலும் அவருக்கு இருந்தது.

ஆனாலும் மூன்று பேர் சேர்ந்து தூக்கிய வண்டியை அப்பா தனியாக என்ன செய்வார் என்று நீ கேட்டிருந்தாயே, அது அவரை உலுக்கிவிட்டது. உன் கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தார். எரிந்து விழுவார் என்று நான் காத்திருந்தேன். “சரியாத்தான் கேட்டுகீறான்” என்றார். பிறகு தினமும் காலையில் பின்கட்டிலிருந்து முனகல் சத்தம் வர ஆரம்பித்தது. போய்ப் பார்த்தால் ஆட்டுக்கல்லைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டிருக்கிறார். இட்லிக்கு அரைக்க வேண்டும், தள்ளிப் போய்ப் பயிற்சி எடுங்கள் என்று விரட்டினேன். வேடிக்கையாகத்தான் விரட்டினேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குத் தெரியும். வண்டி போனால் ஈஸிசேர் காத்துக்கொண்டிருக்கிறது, பென்ஷன் காகிதப் பெட்டி காத்துக்கொண்டிருக்கிறது.

நம் தெருவில் வைத்துத் தூக்க அவருக்குச் சம்மதமில்லை, நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் இன்று காலை நாஸ்தா ஆனதும் சதுரங்கப்பட்டினத்துக்குக் கிளம்பினோம். டச்சுக்காரன் கோட்டையின் பின்பக்கச் சுவர் ஓரம் கெட்டியான தரை இருக்கிறது, மணல் இல்லை, ஆடு மேயும், அவ்வளவுதான். கொண்டு வந்த சாக்கைத் தரையில் விரித்தார், டாங்கில் கீறல் விழக்கூடாதாம். பெட்ரோல் குழாயை மூடினார். தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவது போல வண்டியைச் சாய்த்துப் படுக்க வைத்தார். “நீ தள்ளி நில்லு, டீச்சர்” என்றார். நான் தள்ளி நின்றேன்.

அதற்குள் கரையிலிருந்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த ஒருவர் பார்த்துவிட்டார். “இன்னா நைனா, வண்டி சாஞ்சிகினு கீது, அடி கிடி பட்டுச்சா” என்று கேட்டுக்கொண்டே வலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து ஹேண்டிலைப் பிடித்துவிட்டார். அப்பா தொடாதே தொடாதே என்று அவரை விரட்ட வேண்டியதாகிவிட்டது. அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் கரையில் கட்டுமரம் வந்து இறங்கினால் பக்கத்தில் நிற்கிறவர் யாராக இருந்தாலும் ஒரு கை கொடுத்து மேலே இழுத்து விடுவார்கள், சொந்தமா பகையா என்று பார்க்க மாட்டார்கள். தரையில் கிடக்கிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவர்கள் கைக்குப் பழக்கமில்லை. இது ஒரு பரீட்சை, எங்கள் மகன் வைத்தது என்று நான் சொன்னேன். கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, பேஜாரான பரீட்சையாக இருக்கிறதே என்பது போலத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

முதல் தடவை ஹேண்டிலைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். கொஞ்சம் எழுந்தது, கால் வழுக்கி விட்டுவிட்டார். இரண்டாவது தடவை நன்றாக யோசித்து, வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சீட்டில் இடுப்பைக் கொடுத்து, காலை ஊன்றித் தள்ளினார். வண்டி எழுந்தது. பாதிக்கு மேல் எழுந்துவிட்டது, தம்பி. அங்கே வந்து நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு அந்த நிலையிலேயே அவர் நின்றார். அதற்கு மேல் ஒரு இம்மியும் நகரவில்லை. கீழே போட்டுவிடாமல், சாக்கின் மேல் மெதுவாக இறக்கி வைத்தார். மூன்றாவது தடவை முயற்சி செய்யவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வேட்டியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே, “முடியல. முடியலன்னே எழுதிடு. கூட்டிக் கொறச்சி எழுதாத” என்றார்.

அவர் அம்மா இறந்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்கிறேன். நீ பம்பாய் ரயில் ஏறின அன்றும் பார்த்திருக்கிறேன். இன்று காலையில் பார்த்த முகத்தை நான் முன்னே பார்த்ததில்லை. என் புருஷனுக்கு வயசாகிவிட்டது என்பதை நான் அந்த இடத்தில்தான் கண்ணால் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை, உன் மேலும் கொஞ்சம் வந்தது. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்குப் பக்கத்தில் போனேன்.

“எழுந்திருங்க” என்றேன்.

“இன்னாத்துக்கு?”

“நீங்க ஹேண்டில் பக்கம் புடிங்க. நான் சீட்டுப் பக்கம் புடிக்கறேன்.”

“அது கணக்குல வராது.”

“கணக்கை நான் பாத்துக்கறேன். தூக்குங்க.”

அவர் எழுந்து வந்து பிடித்தார். நான் பிடித்தேன். என் முழங்கால் இரண்டும் என்னைத் திட்டின, வளையல் ஒன்று வளைந்துபோனது. ஆனால் வண்டி எழுந்து நின்றது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க நின்றோம். அந்த வலைக்காரர் அவ்வளவுதானே என்ற மாதிரி தலையை ஆட்டிவிட்டு, வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்பா சாக்கை மடித்தார். மடித்ததையே மறுபடியும் மடித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், நானும் சிரித்தேன், எதற்கென்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது முடிவைச் சொல்கிறேன். உன் அப்பா தனி ஆளாக வண்டியைத் தூக்கவில்லை. நீ வைத்த பரீட்சையில் அவர் தேறவில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி கூட்டாமல் குறைக்காமல் எழுதிவிட்டேன், இரக்கப்பட்டு நான் ஒரு மார்க்கும் சேர்த்துப் போடவில்லை. ஆனால் நான் சாட்சி மட்டும் இல்லை, வாத்தியாரும்கூட. கேள்வியே தப்பாக இருந்தால் அதை வைத்துப் பிள்ளையைப் பெயில் போடக்கூடாது என்பது எங்கள் தொழிலில் உள்ளது. நீ ஒற்றை ஆளுக்குக் கேள்வி போட்டிருக்கிறாய். அந்த வண்டியில் போவது இரண்டு பேர். கருங்குழியில் விழுந்ததும் இரண்டு பேர். வண்டி விற்பனைக்கு இல்லை.

உனக்குப் பயம் இல்லையா அம்மா என்று நீ கேட்பாய். அந்தப் பெண் கேட்டதும் அதுதான், அவளுக்குச் சொல்லாமல் விட்ட பதிலை உனக்குச் சொல்கிறேன், நீ அவளிடம் சொல்லிவிடு. பயம் இருக்கிறது. ஒவ்வொரு தடவை ஏறும்போதும் இருக்கிறது. அவர் தனியாகப் போய், நான் வாசலில் நின்றுகொண்டு சத்தம் கேட்கிறதா, கேட்கிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்த நாட்களில் அதைவிடப் பெரிய பயம் இருந்தது. இரண்டில் எது வேண்டும் என்று என்னைக் கேட்டால், பின்னால் உட்கார்ந்துகொண்டு பயப்படுவதுதான் எனக்கு வேண்டும். அதனால் திரும்பி வரும் வழியில், திருக்கழுக்குன்றத்தில் டீ குடிக்கும்போது அவருக்கு ஒரு நிபந்தனை போட்டேன். இனிமேல் நான் ஏறாமல் அந்த வண்டி தெருமுனையைத் தாண்டக்கூடாது. கதிர் பரப்பின ரோட்டில் யார் என்ன புகழ்ந்தாலும் திரும்பக்கூடாது. இரண்டுக்கும் ஒப்புக்கொண்டார். முதலாவதற்கு உடனே, இரண்டாவதற்குக் கொஞ்சம் யோசித்து.

வைகாசியில் உன் பக்கத்தில் ஒருத்தி வந்து உட்காரப் போகிறாள். புத்தி சொல்ல வேண்டும் என்று எழுதத் தொடங்கவில்லை, ஆனாலும் பெற்றவள், ஒன்று சொல்லிக்கொள்கிறேன். எல்லாவற்றையும் ஒரே ஆளாகத் தூக்கி நிறுத்திக் காட்ட வேண்டும் என்று உனக்கு ஒரு எண்ணம் உண்டு. அது அப்பாவிடமிருந்து வந்தது. உன்னால் முடிகிற வரைக்கும் முடியும், முடியாத நாளில் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடாதே. கூப்பிடு. அவள் வருவாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, கண்ணைப் பார்த்தேன்.

எங்களுக்கும் ஒரு நாள் வரும், இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தும் வண்டி எழுந்து நிற்காது. அதை நான் மறைக்க மாட்டேன். அன்று சாயங்காலமே உனக்குக் கடிதம் போடுவேன், நீ வந்து ஆளைப் பார்த்து விற்றுக் கொடு. அதுவரைக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை, இதே பங்குனியில், கோட்டைச் சுவர் ஓரம் வண்டியைப் படுக்க வைத்துத் தூக்கிப் பார்ப்பது என்று இருவரும் பேசி முடித்திருக்கிறோம். அடுத்த வருஷம் நீயும் அவளும் வாருங்கள். பரீட்சை வைத்தவன் ஒரு தடவையாவது நேரில் வந்து பார்க்க வேண்டும். ஆனால் ஒன்று, எங்களுக்கு எவ்வளவு மூச்சு வாங்கினாலும் நீங்கள் இருவரும் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அது எங்கள் வண்டி.

உன் அம்மா